மேய்ச்சல் பேச்சு: ஒரே பெயர், வேறு வேறு புல்

(கால்நடை, தீவனம், மேய்ச்சல் பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் காரைக்குடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம் உறவினர் நிலத்தில் ஒரு புல்லைப் பார்த்தேன். ஆடு, மாடு இரண்டும் விரும்பித் தின்கின்றன. தெமேடா என்று பெயர் சொன்னார்கள். சில தூர்களைக் கொண்டுவந்து கொல்லையில் நட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் பச்சையாக நின்றது, பங்குனியில் கருகிவிட்டது. இதே புல் ஆப்பிரிக்க வெயிலில் வளர்வதாகப் படித்தேன். என் கொல்லையில் மட்டும் ஏன் வளரவில்லை?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: நீங்கள் படித்ததும் சரி, கொல்லையில் நடந்ததும் சரி.

முதலில் ஒரு சந்தேகம். நீங்கள் அனுப்பிய படத்தில் கதிர் இல்லை, தாள் மட்டும்தான் தெரிகிறது. மேல்மலைப் புல்வெளியில் தெமேடாவிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. கூடவே கிரைசோபோகன், அருண்டினெல்லா, யூலாலியா என்ற வேறு புல்களும் கலந்து நிற்கும். கதிரைப் பார்க்காமல் புல்லுக்குப் பெயர் வைப்பவரை நான் நம்புவதில்லை. இருந்தாலும், அது தெமேடா ட்ரையாண்ட்ரா என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த இனம் ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா மூன்று கண்டங்களிலும் இருக்கிறது. கடலோரத்திலும் இருக்கிறது, 3,000 மீட்டர் உயரத்திலும் இருக்கிறது. ஆசியாவில் தோன்றி மற்ற இரண்டு இடங்களுக்கும் பரவியது என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. தென்னாப்பிரிக்காவில் ஒரு மேய்ச்சல் நிலம் நல்ல நிலையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, இந்தப் புல் அங்கே எவ்வளவு நிற்கிறது என்றுதான் பார்ப்பார்கள். மாடுகள் விரும்பித் தின்பதால், மேய்ச்சல் மிஞ்சினால் முதலில் குறைவது இதுதான். சரி, இவ்வளவு இடங்களில் வளர்கிறதே என்றால், அந்த இனம் வளர்கிறது. நீங்கள் மன்னவனூரிலிருந்து கொண்டுவந்த தூர் வளருமா என்பது தனிக் கேள்வி.

ஆஸ்திரேலியாவில் இதை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். அங்கே தென்கிழக்கின் குளிர்ந்த, ஈரமான பகுதிகளில் உள்ள தெமேடாவுக்குப் பெரும்பாலும் 20 குரோமோசோம்கள். வறண்ட உள்நாட்டுப் பகுதிகளில் அதிகமாக இருப்பது 40 குரோமோசோம் உள்ளவை. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே புல்தான். 1969-இல் எவன்ஸ், நாக்ஸ் என்ற இருவர் நியூகினி முதல் டாஸ்மேனியா வரை பல இடங்களிலிருந்து இந்தப் புல்லைத் திரட்டி ஒரே மாதிரிச் சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள். வடக்கத்திப் புல் பகல் குறையும்போது பூத்தது. தெற்கத்திப் புல் பகல் நீளும்போது பூத்தது. தெற்கில் சிலவற்றுக்கு அதற்கு முன் ஒரு குளிர்காலமும் வேண்டியிருந்தது. ஒரே இனத்துக்குள் பஞ்சாங்கமே மாறிவிடுகிறது!

நம் விஷயத்தில் பகல் நீளம் காரணமாக இருக்க முடியாது. கொடைக்கானலும் காரைக்குடியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 10 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. சூரியன் இரண்டு ஊருக்கும் ஒரே கணக்கில்தான் உதிக்கிறது, மறைகிறது. வித்தியாசம் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். 2,000 மீட்டர் உயரத்து மேல்மலைக்கும் நமக்கும் ஏறக்குறைய 12 டிகிரி இடைவெளி. அதிலும் இரவுதான் முக்கியம். நமக்குச் சித்திரை இரவிலும் புழுக்கம், அவர்களுக்கு மார்கழியில் உறைபனி.

தெமேடா சோளம், கரும்பு வகையறா. வெயில் நாட்டுக்கு ஏற்ற ஒளிச்சேர்க்கை முறை கொண்டது. அதனால் வெயில் மட்டும் அதைக் கொன்றிருக்காது. என் கணிப்பு இது: மேல்மலையின் கறுத்த மண் மட்கு நிறைந்தது, ஈரத்தைப் பிடித்து வைக்கும், கோடை மழையும் அங்கே உண்டு. அந்தப் பரம்பரைக்கு ஆழமாக வேர் இறக்கிக் கோடையைத் தாண்ட வேண்டிய கட்டாயம் இருந்ததில்லை. உங்கள் கொல்லையில் ஒரு முழம் தோண்டினால் செம்புராங்கல் தட்டும். மழையோ ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர், அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அதுவரை புல் நின்றது, பிறகு விழுந்தது. உங்கள் தேதிகளே விடையைச் சொல்கின்றன.

தெமேடாதான் வேண்டும் என்றால், சமவெளியின் வறண்ட காட்டோரங்களில் வளரும் தூரிலிருந்து விதை எடுத்துப் பாருங்கள். மலையிலிருந்து மறுபடியும் தூர் சுமந்து வர வேண்டாம்.

கேள்வி: நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். ஒரு புல் ஓரிடத்தில் நெட்டையாகவும் இன்னோரிடத்தில் குட்டையாகவும் இருந்தால், அது மண்ணால் வந்த வித்தியாசமா, பிறவியிலேயே வந்ததா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பள்ளியிலேயே செய்து காட்ட முடியுமா?
– ஆசிரியை, கோட்டையூர்

பதில்: முடியும் டீச்சர். கேள்வி கேட்ட பிள்ளைகளுக்கு என் சார்பில் ஆளுக்கொரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுங்கள்.

வழி பழையது. வெவ்வேறு ஊர்ச் செடிகளை ஒரே தோட்டத்தில், ஒரே மண்ணில், ஒரே தண்ணீரில் வளர்க்க வேண்டும். அப்போதும் வித்தியாசம் நீடித்தால் அது பிறவி. மறைந்துவிட்டால் மண்ணும் நீரும் செய்த வேலை. ஸ்வீடனில் டூரெசன் என்ற தாவரவியலாளர் இதை முறையாகச் செய்து, ஓர் இனத்துக்குள்ளேயே இடத்துக்கு ஏற்ற தனி வகைகள் உண்டு என்று 1922-இல் எழுதினார்.

அதைவிட அழகான வேலை கலிபோர்னியாவில் நடந்தது. கிளாசன், கெக், ஹீசி என்ற மூவர், கடலோரத்தை ஒட்டிய ஸ்டான்ஃபோர்டு, 1,400 மீட்டரில் ஒரு தோட்டம், 3,000 மீட்டருக்கு மேல் ஒரு தோட்டம் என மூன்று இடங்களை வைத்துக்கொண்டார்கள். ஒரே செடியைத் துண்டாக்கி மூன்று இடத்திலும் நட்டார்கள். துண்டு என்பதால் மூன்றும் மரபில் ஒன்றேதான். 1940-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உச்சிமலைச் செடியைக் கடலோரத்துக்குக் கொண்டுவந்தும் அது குட்டையாகவே நின்றது. குளிரே இல்லாத இடத்தில்கூட மாரிக்காலத்தில் தூங்கப் போனது. கடலோரச் செடி உச்சியில் பிழைக்கத் திணறியது. அதே சமயம், ஒவ்வொரு செடியும் இடத்துக்கு இடம் ஓரளவு உருவத்தை மாற்றிக்கொள்ளவும் செய்தது. ஆக, பிள்ளைகளின் கேள்விக்குப் பெரும்பாலும் "இரண்டும்தான்" என்பதே பதிலாக வரும். எது எவ்வளவு என்பதில்தான் சோதனையின் சுவை.

மலைப்புல்லுக்கு அலைய வேண்டாம், அருகம்புல்லே போதும். கண்மாய்க் கரை, ஆள் நடமாட்டம் அதிகமுள்ள கோயில் வாசல், தென்னந்தோப்பு நிழல் என மூன்று இடங்களில் எடுங்கள். அருகு தரையில் ஓடி ஓடிப் பரவும். பக்கத்தில் பக்கத்தில் எடுத்தால் ஒரே செடியையே பத்துத் தடவை எடுத்ததாகிவிடும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் நல்ல இடைவெளி விட்டுப் பத்துத் துண்டுகள் எடுக்கச் சொல்லுங்கள். எல்லாம் இரண்டு கணுவுள்ள துண்டுகளாக இருக்கட்டும்.

இனிமேல் சொல்வதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கொண்டுவந்த துண்டை நட்டவுடனே அளக்கக் கூடாது. கண்மாய்க் கரைத் துண்டு தாய்வீட்டுச் செழிப்போடு வந்திருக்கும், அந்த ஊட்டத்தில் முதலில் முந்திக்கொள்ளும். இரண்டு மாதம் பள்ளித் தொட்டியில் வளரவிட்டு, அதிலிருந்து மறுபடி துண்டு எடுத்து நட்டு, அதிலிருந்துதான் அளவு தொடங்க வேண்டும். தொட்டிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசைப்படுத்துங்கள். கோயில் புல்லை ஒரு வரிசை, கண்மாய்ப் புல்லை ஒரு வரிசை என்று வைத்தால், மதிய வெயில் எந்த வரிசையில் விழுகிறதோ அதைப் பிறவிக் குணம் என்று எழுதிவிடுவார்கள்.

என்ன அளப்பது? கணுவுக்குக் கணு இடைவெளி, ஓடும் தண்டின் நீளம், புதுத் தூர்களின் எண்ணிக்கை, கதிர் வந்த தேதி. கடைசியில் வெட்டி நிழலில் உலர்த்தி எடை. சராசரியை மட்டும் எழுத வேண்டாம், ஒவ்வோர் ஊரின் பத்துத் தொட்டிக்குள்ளேயே எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஓர் ஊர்ப் புல்லுக்குள் இருக்கும் வித்தியாசம், ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருந்தால், "கண்மாய்ப் புல் நெட்டை" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. தீவனப்புல் ஆராய்ச்சியில் பெரியவர்களே தடுக்கி விழுகிற இடம் இது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பொட்டலில் புல் தரையோடு படுத்தே கிடக்கிறது. மஞ்சுவிரட்டு மாடு வளர்க்கிறேன். ஒரு பகுதியை வேலி போட்டு அடைத்து உரம் போட்டால் நெட்டையாக வளருமா?
– இளைஞர், சிராவயல்

பதில்: கொஞ்சம் வளரும் தம்பி. நீ நினைக்கிற அளவுக்கு வளராது.

வேல்ஸ் நாட்டில் ஸ்டேபிள்டன் என்பவர் தீவனப்புல் ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் நடத்தினார். காக்ஸ்ஃபுட் என்ற புல்லைப் பழைய மேய்ச்சல் நிலங்களிலிருந்தும், வெட்டிக் காயவைக்கும் உலர்புல் நிலங்களிலிருந்தும் எடுத்து ஒன்றாக நட்டுப் பார்த்தார். மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்தவை படுத்து, நிறையத் தூர் கட்டி, இலை அடர்ந்து வளர்ந்தன. வெட்டும் நிலத்திலிருந்து வந்தவை நிமிர்ந்து சீக்கிரம் கதிர் தள்ளின. 1928-இல் இதை எழுதினார். காரணம் எளிது. நிமிர்ந்து நிற்கும் செடியை ஆடு கடித்துவிடும், அதற்கு விதை இல்லை. படுத்துக் கிடக்கும் செடி தப்பிக்கும், அடுத்த தலைமுறை அதனுடையது. தலைமுறை தலைமுறையாக மாடுகளே விதைப் பொறுக்கு நடத்திவிடுகின்றன.

உங்கள் பொட்டலிலும் இதேதான் நடந்திருக்கும். நம் பக்கத்துப் புலிக்குளம் மாடுகள் கிடை போட்டு ஊர் ஊராக மேய்ந்த மாடுகள். எத்தனை தலைமுறை மேய்ச்சலைப் பார்த்த மண் அது! இன்று வேலி போட்டால் நாளைக்கே வேறு பரம்பரை முளைத்து வராது.

அப்புறம், நெட்டையாக இருந்தால் நல்ல தீவனம் என்று நினைக்காதே. மாட்டுக்கு வேண்டியது இலை. தண்டு ஏற ஏற நார் ஏறும், புரதம் இறங்கும். படுத்த புல் எடையில் குறைவு, ஆனால் கடிக்குக் கடி இலை. காளையை அதில் மேயவிடு. கட்டித்தரைத் தீவனத்துக்குத் தனியாகப் புல் போடு. என்ன போடுவது என்று பள்ளத்தூர் ஆச்சிக்குச் சொல்லியிருக்கிறேன், கீழே படி.

கேள்வி: பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறோம். முற்றத்துக்கு வெளியே ஊட்டியில் பார்த்த கிக்குயு புல்லைத் தரைவிரிப்பாகப் போடலாமா?
– விடுதி உரிமையாளர், காரைக்குடி

பதில்: வேண்டாம். அது ஊட்டிக்கே வந்தேறிதான். சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்காவின் உயர்நிலம், ஏறக்குறைய 2,000 மீட்டரும் அதற்கு மேலும். கென்யாவிலேயே மோலோ, கபெட்டே, ரோங்காய் என்று ஊர்ப்பெயரால் மூன்று வகை பிரித்திருக்கிறார்கள். அவற்றில் எது ஊட்டிக்கு வந்தது என்று விற்பவருக்குத் தெரியப் போவதில்லை. எதுவானாலும் நம் கோடையில் தண்ணீர் லாரிக்குத்தான் செலவு. பிடித்துக்கொள்ளும் இடத்தில் மற்ற புல்லை அமுக்கிப் பரவும் குணமும் அதற்கு உண்டு. அருகு போடுங்கள். பிள்ளையார்பட்டிக்குப் போகும் விருந்தாளிகளுக்கு ஒரு பிடி கிள்ளியும் கொடுக்கலாம்.

கேள்வி: கொழுக்கட்டைப்புல் விதை போட்டால் எல்லாச் செடியும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி வருகிறது. நண்பர் கொடுத்த மலைப்புல் விதையில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. விதையில் கலப்படமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: நண்பரைச் சந்தேகப்பட வேண்டாம். கொழுக்கட்டைப்புல்தான் வித்தியாசமான பேர்வழி. அது பெரும்பாலும் மகரந்தம் கருவோடு சேராமலேயே விதை வைக்கும். விதைக்குள் இருப்பது தாயின் நகல். ஆகவே ஒரு தாயிலிருந்து வந்த எல்லாம் ஒரே அச்சு. தீவன விவசாயிக்கு இது வரம், புது ரகம் உருவாக்குபவருக்குத் தலைவலி, ஏனென்றால் ஒட்டுச் சேர்க்கவே வழியில்லை. டெக்சஸில் ஆண் பெண் சேர்க்கையால் விதை வைக்கும் ஓர் அபூர்வச் செடி கிடைத்து, 1962-இல் அதுபற்றி எழுதிய பிறகுதான் கதவு திறந்தது.

பெரும்பாலான புல்கள் காற்றில் மகரந்தம் பறந்து, அயல் செடியோடு சேர்ந்து விதை வைப்பவை. அங்கே ஒவ்வொரு விதையும் தனி ஆள். நண்பர் கொடுத்தது அந்த வகையாக இருக்கும். தெமேடா இரண்டுங்கெட்டான்: குரோமோசோம் கூடிய வகைகள் ஓரளவு நகல் விதையும் வைக்கும், சேர்க்கை விதையும் வைக்கும்.

அதனால் காட்டுப் புல்லில் விதை சேகரிக்கப் போனால், ஆளுயரத்துக்கு நிற்கும் ஒரே தூரில் மடியை நிரப்பிக்கொண்டு வராதீர்கள். பல தூர்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். சரிவு எந்தத் திசை, உயரம் எவ்வளவு, நிழலா வெயிலா என்று பையின் மேல் எழுதுங்கள். ஊர் எழுதாத விதைப்பை என்னிடம் வந்தால் நான் அதை மாட்டுக்குத்தான் வைப்பேன்.

கேள்வி: தெமேடா விதை கொண்டுவந்து உடனே விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.
– வாசகர், புதுவயல்

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள். புது விதை சில மாதங்கள் உறங்கும். காற்றோட்டமாக எடுத்து வைத்து அடுத்த மழைக்குப் போடுங்கள். புகை பட்டால் இதன் விதைக்கு உறக்கம் கலைவது உண்டு. தீ அடிக்கடி வந்துபோகும் புல்வெளியில் பிறந்தது, அந்தப் பழக்கம். விதையின் வாலில் உள்ள நீண்ட சுணையை ஒடித்துவிடாதீர்கள். ஈரம் பட்டால் அது முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கும். அந்தத் திருகலில் விதை தானே மண்ணுக்குள் இறங்கிக்கொள்ளும்.

கேள்வி: மருமகன் கம்பு நேப்பியர் போட்டு மூன்று பசுவை வைத்திருக்கிறார். பால் கறக்கிறது, குறையொன்றும் இல்லை. நீங்கள் என்னவோ மலைப்புல், காட்டுப்புல் என்று எழுதுகிறீர்கள். இது போதாதா?
– ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: மூன்று பசுவுக்குப் போதும் ஆச்சி. மருமகன் கெட்டிக்காரர்தான்.

கம்பு நேப்பியர், கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டுச் சேர்த்தது. கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28, பிள்ளைக்கு 21. ஒற்றைப்படையாகப் போனதால் விதை பிடிக்காது. அதனால்தான் கரணை வெட்டி நடுகிறோம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 4 ரகத்தை நட்டால், தமிழ்நாடு முழுக்க எந்த வயலில் நிற்பதும் ஒரே செடியின் துண்டுதான். தண்ணீரும் உரமும் இருக்கிறவரை அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்த ஒரே செடிக்கு ஒரு நோய் பிடித்தால் எல்லா வயலுக்கும் பிடிக்கும் என்பதுதான் என் கவலை. அப்போது மாற்றுக் குணம் தேடி இனவிருத்தி செய்பவர்கள் போய் நிற்கும் இடம், இப்போது யாரும் மதிக்காத காட்டு வகைகள்தான். ஜான்சியில் 1962-லிருந்து இதற்கென்றே புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே செட்டிநாட்டில் மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மானாவாரி நிலத்துக்கு நீலக் கொழுக்கட்டைப்புல் வேண்டும் என்றால் மருமகனை அங்கே போய்க் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிராவயல் தம்பிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கிணறு இருந்தால் கம்பு நேப்பியர், கிணறு இல்லையென்றால் கொழுக்கட்டைப்புல். நேப்பியரை நட்டு 75 முதல் 80 நாளில் முதல் வெட்டு, பிறகு 45 நாளைக்கு ஒரு தடவை. தாமதித்தால் தட்டைதான் மிஞ்சும். மூன்று வரிசை நேப்பியருக்கு ஒரு வரிசை வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடி போடுங்கள், புரதத்துக்குப் பிண்ணாக்குச் செலவு குறையும். வேலிமசால் விதையைக் கொதித்து இறக்கிய வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, பிறகு குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும்.